இங்கே யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்

தங்கச்சி, செப்டெம்பரில் திருகோணமலையில் இருந்து லண்டனுக்குப் படிக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களோடு விளையாட்டிலோ பயணத்திலோ சேர என்ன ஆங்கிலம் வேணும், பள்ளிக்கூடத்தில் படித்த ‘பார்ட்டிசிபேட்’ போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பிழையில்லை, ஆனால் படிவம் நிரப்பும்போதுதான் பொருந்தும். ஆட்களிடம் ‘கேன் ஐ ஜாயின் யூ?’ என்று கேளுங்கள். நம் ஆட்கள் நடுவில் போடுகிற ‘வித்’ வேண்டாம். ஆட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் ‘கேன் ஐ ஜாயின் இன்?’

உண்மையில் சொல்லைவிடக் கேட்கிற பழக்கம்தான் முக்கியம். ஊரில் டச்பே கடற்கரையில் பந்தடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே, “வா, ஓராள் குறையுது” என்று கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே ஓரமாக நின்றால், உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்து மரியாதையாக விட்டுவிடுவார்கள். அதை வெறுப்பென்று எடுத்து அறைக்குள் முடங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பெரிய கவலை.

இன்னொன்று, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ ஜாயின் யூ?’ என்று கேட்டால் ‘நோ, கோ அஹெட்’ என்றோ ‘நொட் அட் ஓல்’ என்றோ பதில் வரும். அந்த ‘நோ’ ஆட்சேபணை இல்லை என்பதற்கு. திரும்பிப் போய்விடாதீர்கள், உட்காருங்கள்.

பல்கலைக்கழகத்தில் முதல் நாட்களில் ‘ஃப்ரெஷர்ஸ் வீக்’, அதாவது புது மாணவர்களை வரவேற்கிற வாரம், நடக்கும். படகோட்டம் முதல் சமையல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கிளப்’ அல்லது ‘சொசைட்டி’, அதாவது மாணவர் சங்கம், மேசை போட்டிருக்கும். ‘டேஸ்டர் செஷன்’ என்றால் சேருவதற்கு முன் ஒருமுறை செய்து பார்ப்பது. ‘பிகினர்ஸ் வெல்கம்’ என்று எழுதியிருந்தால் பயப்படாமல் போங்கள். ‘ஐ ஹேவ்ன்ட் டன் திஸ் பிஃபோர், கேன் ஐ கிவ் இட் அ கோ?’ (முன்பு செய்ததில்லை, ஒருக்கால் முயன்று பார்க்கலாமா?) என்றால் சொல்லித்தர யாராவது முன்வருவார்கள்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காக்களில் ‘பார்க்ரன்’ என்ற ஓட்டம் நடக்கும். 2004இல் லண்டன் புஷி பார்க்கில் தொடங்கியது. 5 கிலோமீற்றர், காசில்லை, நடந்தும் முடிக்கலாம். ஓட விருப்பமில்லையென்றால் ‘கேன் ஐ ஹெல்ப் அவுட்?’ என்று தொண்டராகச் சேரலாம். ஆங்கிலம் தயங்குகிற ஆளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, வேலை கையில் இருக்கும்போது கதை தானாக வரும்.

மறுக்கிற விதமும் பழக வேணும். இரண்டு தரம் வெறுமனே ‘நோ, தாங்க்யூ’ என்றால் மூன்றாம் தரம் கேட்க மாட்டார்கள். ‘ஐ கான்ட் மேக் இட் திஸ் வீக், பட் ஐட் லவ் டு கம் நெக்ஸ்ட் டைம்’ என்று சொல்லுங்கள். மறுபக்கம், ‘யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்’ (ஒருநாள் வீட்டுக்கு வர வேணும்) என்பது பெரும்பாலும் அன்புக்குச் சொல்வது. நாள் குறித்தால்தான் அழைப்பு.

புறப்படுமுன் ஊரிலேயே பழகலாம். ஓகஸ்டில் நிலாவெளியில் வெளிநாட்டுக்காரர் நிறைய நிற்பார்கள். புறாத்தீவுக்குப் படகு பிடிக்கிறவர்கள் செலவைப் பங்குபோட ஆள் சேர்ப்பார்கள். அண்ணனையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போய், ‘டூ யூ மைண்ட் இஃப் வீ ஷேர் த போட்?’ என்று கேட்டுப் பாருங்கள்.