ஸ்டென்ட் வைத்தவர் ஆற்றங்கரையில் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. மதுரையில் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் 52 சதவீதம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரோசுவாஸ்டாடின், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். இப்போது அமெரிக்காவில், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆறு மாதம் இருப்பேன். பக்கத்திலேயே சார்லஸ் ஆறு. அதன் கரையோரப் பாதையில் தினமும் முக்கால் மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கிறேன். என் வயதுக்காரர்கள் ஓடுவதைப் பார்த்து எனக்கும் ஓட வேண்டும் என்று ஆசை. மனைவிக்குப் பயம். மகனோ, கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 105-ஐத் தாண்டவே இல்லை, 135 வரை போனால்தான் பலன் என்கிறான். ஓடலாமா?

பதில்: ஓடலாம் ஐயா. ஆனால் நாளைக்கே வேண்டாம். மகன் சொல்லும் 135-ஐத் துரத்திக்கொண்டும் வேண்டாம்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் நடக்கும் அந்தப் பாதைக்கு ஓர் இதய மருத்துவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் டாக்டர் பால் டட்லி ஒயிட். அந்த ஆற்றை ஒட்டியே இருக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். 1955-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைத்த காலம் அது. நோயாளி எழ வேண்டும், நடக்க வேண்டும், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒயிட் உறுதியாகச் சொன்னார். ஐசனோவர் தேறி, அடுத்த ஆண்டே மறுபடியும் தேர்தலில் நின்று வென்றார். ஒயிட் தாமே சைக்கிள் ஓட்டுவதில் பெரும் ஆர்வம் கொண்டவர். ஆகவே, இதயம் அடிபட்டவர் உடலை அசைக்கக் கூடாது என்ற பயத்துக்கு மருத்துவத்தில் இன்று இடமில்லை. எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் ஒரு பரிசோதனை. ஸ்டென்ட் வைத்த பிறகு டிரெட்மில் பரிசோதனை செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால் அந்த அறிக்கையை மதுரையில் உங்களைப் பார்த்த இதய மருத்துவரிடம் காட்டி, ஓட்டத்துக்கு அனுமதி கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்துகொண்ட பிறகுதான் ஓட்டம். வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்ட நிலையிலேயே அதைச் செய்ய வேண்டும். நீங்கள் ஓடப்போவதும் மாத்திரையோடுதானே. அங்கே அதற்குப் பெரும் செலவு ஆகலாம். பயணக் காப்பீடு பலவும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவதில்லை. கட்டுப்படியாகாது என்றால் ஊர் திரும்பும்வரை வேக நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பதே பொதுவான பரிந்துரை. உங்கள் நடை அதற்கு மேலேயே இருக்கிறது.

இனி அந்த 135. 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் என்று மகன் கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரி, உங்களுக்குத்தான் அது பொருந்தாது. மெட்டோப்ரோலால் ஒரு பீட்டா பிளாக்கர். இதயம் வேகமாகத் துடிக்காமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அந்தப் பிடியை மீறி நாடித்துடிப்பை ஏற்றப் பார்த்தால், இதயத்தை அதன் அளவுக்கு மேல் வேலை வாங்குவதாக ஆகிவிடும். உங்கள் 105 மற்றவருடைய 130-க்குச் சமமான உழைப்பாகக்கூட இருக்கலாம். கடிகாரத்தை நம்பாமல் மூச்சை நம்புங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் உடனே நடைக்கு இறங்கிவிட வேண்டும். டிரெட்மில் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் ஓர் எல்லை எண்ணைச் சொன்னால், அதை மட்டும் கடிகாரத்தில் பாருங்கள்.

அனுமதி கிடைத்ததும் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், மூன்று நிமிடம் நடை. இப்படி நான்கைந்து முறை போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து, இரண்டு வாரம் சுகமாகப் போனால் ஓடும் நேரத்தை இரண்டு நிமிடமாக்கலாம். முடிக்கும்போது சட்டென்று நின்றுவிடாதீர்கள். கால் தசைகளில் விரிந்திருக்கும் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பத்து நிமிடம் மெதுவாக நடந்தே முடிக்க வேண்டும். புதிதாக ஓடுபவருக்குக் கெண்டைக்கால் வலிப்பது இயல்பு. ஆனால் இரு தொடைகளிலும் வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு, கீழே விழுவது மற்றவர்களுக்கு விழுவது போன்றதல்ல. அந்தப் பாதை நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் போகிறவர் எல்லோருக்கும் பொது. சில இடங்களில் மிகவும் குறுகல். நம் ஊர்ப் பழக்கத்தில் இடது ஓரம் ஒதுங்குவீர்கள். அங்கே வலது ஓரம்தான் உங்களுடையது. பின்னால் வரும் சைக்கிள்காரர் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கொடுப்பார். உங்கள் இடப்புறமாக முந்தப் போகிறேன் என்று அதற்குப் பொருள். ‘லெஃப்ட்’ என்று காதில் விழுந்ததும் இடது பக்கம் நகர்ந்து சைக்கிளுக்கு முன்னாலேயே போய்விடுபவர்கள் உண்டு. நீங்கள் நகரவே வேண்டாம், நேராகப் போனால் போதும். காதில் இயர்போன் கூடாது. ஆற்றை ஒட்டிப் போகும் மெமோரியல் டிரைவ் சாலையோரத்துப் பெரிய மரங்களின் வேர்கள் தார்ப் பாதையைத் தூக்கிவிட்டிருக்கும் இடங்களில் நடந்தே கடந்து போங்கள். வாத்துக்கூட்டம் மேய்ந்த இடத்தில் எச்சம் வழுக்கும். தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை மெமோரியல் டிரைவ் சாலையில் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். அகலமான சமதளம். முதல் ஓட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு பாலத்தில் ஏறி மறுகரை வழியாகச் சுற்றி வரும் ஆசையை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். பாதி வழியில் முடியாமல் போனால் பாலத்தின் நடுவே உட்காரவும் இடமிருக்காது, காற்றும் அடிக்கும். போன வழியே திரும்புவதுதான் நல்லது. போகும்போது எதிர்காற்றாக இருக்கட்டும். தெம்பு இருக்கும்போதே அதைச் சமாளித்துவிடலாம். வியர்வையில் நனைந்து திரும்பும்போது குளிர்காற்று முகத்தில் அறையாது. குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்த அழுத்தத்தை உயர்த்தி, இதயத்தின் வேலையைக் கூட்டும். குளிர் கூடினால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். தரை உறையும் நாளில் வெளியே ஓட வேண்டாம்.

சட்டைப் பையில் மூன்று பொருள் எப்போதும் இருக்கட்டும்: செல்பேசி, நீங்கள் சாப்பிடும் மருந்துகளும் ஸ்டென்ட் வைத்த தேதியும் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு, மருத்துவர் கொடுத்திருந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கண் இருட்டல் இவற்றில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். ‘வாயுவாக இருக்கும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்துகொண்டுதான் மாத்திரையை வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் தீரவில்லை என்றால் அங்குள்ள அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். மகனை அழைத்து அவர் காரில் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கும் போதுமான மாத்திரை கையில் இருக்கிறதா என்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. குறைகிறது என்றால் தீர்வதற்குள் அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. குளிர்காலத்தில் மகன் வீட்டு வாசலில் பனி குவியும். பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறானே, நாம் அள்ளிப் போடுவோம் என்று மண்வெட்டியை எடுத்துவிடாதீர்கள். குளிரில், மூச்சைப் பிடித்து, கைகளால் பாரத்தைத் தூக்கும் அந்த வேலை மாரடைப்பைத் தூண்டக்கூடியது. நீங்கள் கேட்ட ஓட்டத்துக்கு நிபந்தனையோடு அனுமதி உண்டு. இதற்கு அறவே கிடையாது.