விமானக் குலுக்கல் முதல் புயல் கூண்டு வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: புதுச்சேரியிலிருந்து ஹைதராபாத் சென்றபோது, கிளம்பிய சில நிமிடங்களில் விமானம் திடீரென்று கீழே விழுந்தது போல இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் 'காற்றுப் பள்ளம்' என்றார். அப்படி ஒன்று உண்டா? (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: காற்றே இல்லாத பள்ளம் வானில் எங்கும் இல்லை. வெயிலில் தரை சூடேறும்போது வெப்பக் காற்று மேலெழும். அதையொட்டியே வேறு காற்று கீழிறங்கும். மேலெழும் காற்றிலிருந்து இறங்கும் காற்றுக்குள் விமானம் நுழையும் நொடியில்தான் வயிறு கலங்குகிறது. பெரும்பாலும் இறக்கம் சில அடிகள்தான். இறக்கைகள் இதைவிடப் பல மடங்கு தாங்கும்.

பயம் வேண்டாம், பெல்ட் வேண்டும். மேகமே இல்லாத உயரத்திலும் காற்றுக் கொந்தளிப்பு உண்டு. விமான ரேடார் மழைத்துளிகளைத்தான் காட்டும். தெளிந்த வானின் கொந்தளிப்பு அதில் தெரியாது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மர் வான்பரப்பில் குலுங்கியபோது, பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். பயணி ஒருவர் இறந்தார். பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் 6ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டைவிட 7ஆம் எண் ஆபத்தானதா? (வாசகர், முதுநகர்)

பதில்: எண் கூடினால் காற்றும் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். முழுக்க அப்படியில்லை. 1, 2 தொலைவில் உள்ள புயல் சின்னத்துக்கு. 3, 4 துறைமுகத்துக்கே வந்த எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதே 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. 8, 9, 10 இதே வரிசைதான், ஆனால் தீவிரப் புயலுக்கு. 11 ஏறினால் வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். 3 ஏறிய பிறகு படகை இறக்குவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: கனமழை, மிக கனமழை, அதி கனமழை? (புதுச்சேரி)

பதில்: ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் பெய்தது சுமார் 48 செ.மீ. பத்துக்குப் பத்து அடி மொட்டைமாடியில் 4,400 லிட்டருக்கு மேல். மாடி வடிகாலை மழைக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: புயலின் நடுவில் காற்று நின்றால் வெளியே வரலாமா? (தேவனாம்பட்டினம்)

பதில்: கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் கூரை ஓடும் அப்போதுதான் விழும். புயல் முழுமையாகக் கரையைக் கடந்தது என்ற அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.