யாகுசாவின் செஞ்சோற்றுக் கடன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜப்பானியக் குற்றக்கதை வீடியோ கேம்களைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். அவற்றில் சிலவற்றை நல்ல நாவல்களுக்கு இணையாக மதிப்பதாக அதில் சொல்லியிருந்தீர்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் இப்போது 'யாகுசா 0' விளையாடுகிறான். உங்கள் சொல்லை நம்பி இரண்டு மாலைகள் அவனருகில் அமர்ந்து பார்த்தேன். கதாநாயகன் தெருவில் வம்புக்கு வருபவர்களை அடிக்கிறான். அடிபட்டவர்களின் உடலிலிருந்து பணத்தாள்கள் சிதறிப் பறக்கின்றன. பிறகு அவன் ஒரு மதுக்கூடத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடுகிறான். ரவுடிகளுக்கு மாலை போடும் கதைகள் நம் சினிமாவில் இருப்பது போதாதா? இதில் கதை என்று எதைச் சொல்கிறீர்கள்? நான் முறையாகப் பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

எஸ்.

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்பவர்களின் கடிதங்கள்தான் இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் வருகின்றன. நீங்கள் மகனோடு அமர்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கண்ட எதையும் நான் மறுக்கப் போவதில்லை. அந்தக் காட்சிகள் எந்தக் கதைக்குள் நிற்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

பறக்கும் பணத்தாள்களிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானின் குற்றக் கும்பல்களைச் சேர்ந்தவர்களைத்தான் யாகுசா என்கிறார்கள். அவர்களைப் பற்றிய கேம் தொடரில் ஒன்றான 'யாகுசா 0' நடப்பது 1988 டிசம்பரில். டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து நாடுகள் செய்துகொண்ட 1985-இன் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. ஏற்றுமதி அடிபடும் என்று அஞ்சிய ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 2.5 சதவீதம் வரை இறக்கியது. மலிவாகக் கிடைத்த கடன் முழுவதும் நிலத்திலும் பங்குகளிலும் போய்க் குவிந்தது. 1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்து, அடுத்த ஆண்டிலேயே சரியத் தொடங்கியது. அந்தச் சரிவுக்குச் சரியாக ஓராண்டு முன்னால், பணத்துக்கு எடையே இல்லாமல் போன ஒரு நகரத்தில் இந்தக் கதை நிற்கிறது. ரவுடிகள் வழிமறித்தால் ஒரு கட்டுப் பணத்தை வானத்தில் வீசி, கூட்டம் அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது தப்பிவிடவும் இந்த கேமில் வழி உண்டு. உங்கள் மகன் அதைச் செய்யும்போது கவனியுங்கள். அந்தக் காலத்தைப் பற்றி நான் வாசித்த எந்தப் பொருளாதாரக் கட்டுரையும் அந்த ஒரு காட்சியைப் போல அதை எனக்கு உணர்த்தியதில்லை.

கதையின் மையத்தில் இருப்பதும் நிலம்தான். டோக்கியோவின் ஷின்ஜுகுவிலுள்ள கபுகிச்சோ என்னும் கேளிக்கைப் பேட்டையைப் பார்த்து உருவாக்கப்பட்ட காமுரோச்சோ என்ற கற்பனைப் பேட்டையில், கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாமல் கிடக்கிறது. அதன் அளவு ஒரு துபோ, அதாவது ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். இரண்டு ஜப்பானியப் பாய்களை விரித்தால் தீர்ந்துவிடும். அந்தத் துண்டு கைக்கு வராமல் பேட்டை முழுவதையும் இடித்துக் கட்டும் திட்டம் நகராது என்பதால், தோஜிமா குடும்பம் என்ற யாகுசாக் கும்பலின் மூன்று தளபதிகள் அதற்காக ஒருவரையொருவர் முந்தப் பார்க்கிறார்கள். கட்டட நிறுவனங்களுக்காக யாகுசாக்கள் குடியிருப்போரை மிரட்டி நிலத்தைக் காலி செய்ய வைப்பது அந்த ஆண்டுகளில் உண்மையாகவே நடந்தது. அதற்கு 'ஜியாகே' என்று பெயர். கடன் வசூலிக்கப் போன இருபது வயது கிரியு கசுமா அந்தக் காலிமனையில் ஒருவனை அடித்துவிட்டு வருகிறான். அதே ஆள் அதே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். பழி கிரியுவின் மேல் விழுகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும் இந்தச் சம்பவத்திலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொடரில் கதை என்று நான் சொல்வது கடன் பட்டவனின் கதையை. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். யாகுசாக் கும்பல் தன்னைக் குடும்பமாகவே அமைத்துக்கொள்கிறது. தலைவன் 'ஓயாபுன்', தந்தையின் இடத்தில் இருப்பவன். தொண்டன் 'கோபுன்', பிள்ளையின் இடத்தில் இருப்பவன். சாக்கே மதுக் கிண்ணத்தைப் பரிமாறிக்கொண்டு அந்த உறவை உறுதி செய்கிறார்கள். மூத்தவனை 'அனிகி' என்று அழைக்கிறார்கள். ஆங்கில வசன வரிகளில் அது பெரும்பாலும் கரைந்து போய்விடும், ஆனால் 'அண்ணே' என்று காதில் விழுந்து வளர்ந்த நமக்கு அந்த அழைப்பின் எடை உடனே புரியும். கிரியு தன்னைவிட மூத்த மஜிமா என்ற யாகுசாவை எத்தனை முறை அடித்துப் புரண்டாலும் 'மஜிமா நோ நீசான்', அதாவது மஜிமா அண்ணன் என்றே சொல்கிறான். ஜப்பானியக் குரலைப் போட்டு விளையாடச் சொல்லி உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

2005 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த முதல் கேமின் ஒரு முடிச்சைச் சொல்லாமல் இதற்கு மேல் விளக்க முடியாது. அனாதை விடுதியில் வளர்ந்த கிரியுவுக்குத் தந்தையாக இருந்தவர் அந்த விடுதியை நடத்திய கசாமா என்ற யாகுசா. அவரைப் போல ஆக வேண்டும் என்றுதான் அவன் கும்பலில் சேர்கிறான். 1995-இல், தன்னுடன் வளர்ந்த நண்பன் நிஷிகியாமா தலைவன் தோஜிமாவைச் சுட்டுவிட, கிரியு அந்தக் கொலைப் பழியைத் தான் ஏற்றுப் பத்தாண்டு சிறை செல்கிறான். திரும்பி வரும்போது நண்பன் அதிகாரத்தில் ஏறி உள்ளுக்குள் அழுகிப் போயிருக்கிறான். கடைசியில், சாகும் தருவாயில் கசாமா சொல்லும் உண்மை என்னவென்றால், கிரியுவின் பெற்றோரைக் கொன்றவரே அவர்தான். சோறிட்ட கையே அனாதையாக்கிய கை என்று தெரிந்த பிறகு அந்தக் கடனை என்ன செய்வது? கிரியு அதைத் தூக்கி எறிவதில்லை, போற்றுவதும் இல்லை. தாயைத் தேடி வந்து யாரும் இல்லாமல் நின்ற ஹருகா என்ற சிறுமியை வளர்க்கத் தொடங்குகிறான். 2009-இல் வந்த மூன்றாவது கேமில் அவன் ஒகினாவாக் கடற்கரையில் ஒரு சிறிய விடுதி நடத்துகிறான். அதன் முதல் சில மணி நேரங்களில் குண்டுகள் வெடிப்பதில்லை. கையில் தீக்காயத் தழும்புள்ள ஒரு பெண்குழந்தையை அவளை விரும்பும் பையனே புண்படுத்திவிட்டான் என்பது போன்ற சச்சரவுகளைத்தான் அந்த முன்னாள் யாகுசா தீர்த்துவைக்கிறான். மந்தமான பகுதி என்று பலர் குறை சொல்வதுண்டு. எனக்கு முழுத் தொடரிலும் மிகவும் பிடித்த பகுதி அது.

ஆகவே ரவுடிக்கு மாலை போடுகிறதா என்ற கேள்விக்கு, இந்தத் தொடர் தன் சிறந்த இடங்களில் அதைச் செய்வதில்லை என்பதே என் பதில். 'யாகுசா 0'-இல் மஜிமா கோரோ அறிமுகமாகும் காட்சியைப் பாருங்கள். ஒசாகாவின் தோதோன்போரியைப் பார்த்து அமைத்த சோதென்போரியில் ஒரு பிரம்மாண்டமான காபரே. ஒரு வாடிக்கையாளன் அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் அத்துமீறுகிறான். கறுப்புக் கோட்டும் ஒற்றைக் கண்ணுமாக மேலாளர் மஜிமா வருகிறார், உபசரிப்பின் மரியாதை குலையாமலேயே அவனை அரங்கின் நடுவில் தலைகுனிய வைக்கிறார், அரங்கமே கைதட்டுகிறது. இங்கே நிறுத்தியிருந்தால் அது நீங்கள் சொல்லும் மாலைதான். ஆனால் மஜிமா வெளியே வந்ததும், அந்தத் தெருவே அவருடைய சிறை என்பது நமக்குத் தெரிகிறது. கும்பலின் கட்டளையை மீறியதற்குத் தண்டனையாக ஒரு கண்ணை இழந்தவர், கம்பியில்லாத கூண்டில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு இரவும் லாபம் சம்பாதித்துக் கொடுக்கிறார். போவோர் வருவோர் எல்லோரும் அவரைக் கண்காணிக்கிறார்கள். கும்பலுக்குத் திரும்ப வேண்டுமானால் மகிமுரா மகோதோ என்பவரைக் கொல்ல வேண்டும் என்று உத்தரவு வருகிறது. தேடிப் போனால் மகோதோ பார்வையற்ற ஓர் இளம்பெண்.

அந்தக் கூண்டுக்குள் நம்மை நடக்க வைக்கிறது என்பதில்தான் இந்த வடிவத்தின் பலம் இருக்கிறது. திரைப்படத்தில் ஒரு தெருவைச் சில நிமிடங்கள் பார்க்கிறோம். இங்கே அதே தெருவில் எழுபது, எண்பது மணி நேரம் நடக்கிறோம், பசித்தால் கடையில் சாப்பிடுகிறோம், தொலைபேசிக் கூண்டுக்குள் போய் விளையாட்டைச் சேமிக்கிறோம். அத்தனை பேரைப் பலிகொண்ட காலிமனையின் மேல் பின்னாளில் மில்லெனியம் டவர் எழுந்து நிற்கிறது. 2005 முதலே இத்தொடரை விளையாடியவர்கள் அந்தக் கோபுரத்தைப் பல வருடங்கள் வெறும் அடையாளமாகப் பார்த்து வந்தவர்கள். அதன் அடியில் என்ன இருந்தது என்பது பத்தாண்டுகள் கழித்து, 2015-இல் 'யாகுசா 0' வந்தபோதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

பாதையோரக் கதைகளையும் விட்டுவிடாதீர்கள். 1988 பிப்ரவரியில் 'டிராகன் குவெஸ்ட் 3' வெளிவந்தபோது ஜப்பானில் கடைகளுக்கு முன்னால் நீண்ட வரிசைகள் நின்றன. வாங்கி வந்த சிறுவர்களிடமிருந்து அதைப் பறித்துக்கொண்ட சம்பவங்களும் செய்தியாயின. 'யாகுசா 0' இதை ஒரு சிறுகதையாக்குகிறது. வரிசையில் நின்று வாங்கிய கேமை ஒரு சிறுவனிடமிருந்து ஒருவன் பறிக்கிறான், அவனிடமிருந்து இன்னொருவன், அவனிடமிருந்து வேறொருவன். கிரியு அந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்து போனால், கடைசியில் அதை வைத்திருப்பவர் அந்தச் சிறுவனின் சொந்தத் தகப்பனார். மகனுக்குக் கொடுப்பதற்காகத்தான் திருடினேன் என்கிறார். முழுக் கதையும் பேசும் அதே விஷயம், அன்பின் பேரில் செய்த குற்றம், இங்கே பதினைந்து நிமிடங்களில் சொல்லப்பட்டுவிடுகிறது.

குறைகளும் எனக்குத் தெரியும். கிரியு யாரையும் கொல்வதில்லை என்று கதை வலியுறுத்திச் சொல்கிறது. ஆனால் நெடுஞ்சாலைத் துரத்தலில் நாம் சுட்டு வெடிக்க வைக்கும் கார்களுக்குள் இருந்தவர்களைப் பற்றி அது பேசுவதே இல்லை. பெண் பாத்திரங்கள் பலர் ஆண்களின் துயரத்துக்குக் காரணமாக இருந்துவிட்டு மறைகிறார்கள். மகோதோ அதற்கு ஓரளவு விதிவிலக்கு. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது நான்காவது கேமில். சாயெஜிமா என்பவன் 1985-இல் தன் தலைவனுக்காகப் பதினெட்டு பேரைச் சுட்டுவிட்டு, மரண தண்டனைக் கைதியாக இருபத்தைந்து ஆண்டுகள் சிறையில் கழிக்கிறான். அந்தப் பதினெட்டு உயிர்களின் பாரம் அவன் நடையிலேயே தெரிகிறது. பிறகு கதை, அவன் துப்பாக்கியில் இருந்தவை ரப்பர் குண்டுகள், கொன்றது வேறொருவன் என்று சொல்லிவிடுகிறது. மஜிமா கண்ணை இழந்ததும் அதே சம்பவத்தை ஒட்டித்தான் என்பதால், அவருடைய துயரத்தின் அடித்தளமும் அங்கே ஆட்டம் காண்கிறது. குற்றத்தைச் சுமப்பவனைப் பற்றி எழுதத் துணிந்தவர்கள் அந்தச் சுமையைத் தந்திரமாக இறக்கி வைத்திருக்கக் கூடாது.

மாலை என்ற உங்கள் சொல்லில் ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிஜ யாகுசாக்கள் மிரட்டிப் பணம் பறித்தும் போதைப்பொருள் விற்றும் வாழ்ந்தவர்கள். கிரியுவைப் போன்ற நேர்மையாளன் ஒரு கற்பனை. ஜப்பான் 1992-இல் கும்பல் ஒழிப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2011-க்குள் எல்லா மாகாணங்களிலும் யாகுசாக்களோடு தொழில் உறவு வைப்பதைத் தடுக்கும் ஆணைகள் வந்துவிட்டன. கும்பலில் இருப்பவனால் வங்கிக் கணக்கோ கைப்பேசி இணைப்போ பெற முடியாது. விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் அந்தத் தடை அவனைத் தொடர்வதுண்டு. 2020-இல் வந்த ஏழாவது கேம் இந்த மாற்றத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. பிறர் பழியை ஏற்றுப் பதினெட்டு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வரும் காசுகா இச்சிபான், யோகோஹாமாவில் வீடற்றவர்களின் கூடாரங்களுக்கு நடுவே கண் விழிக்கிறான். வேலை தேடி, அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகமான ஹலோ வொர்க்கில் போய் நிற்கிறான். அவனுக்குத் துணை நிற்பவர்கள் ஒரு முன்னாள் செவிலியர், பதவியிழந்த ஒரு துப்பறிவாளர், மதுக்கூடம் நடத்திய ஒரு பெண். அந்தக் கேமில் மாலை எதுவும் இல்லை.

யாகுசாக்களே வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், அதே குழுவினர் 2018-இல் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட்' இருக்கிறது. குற்ற வழக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடியும் நாட்டில், ஓர் இளம் வழக்கறிஞர் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுக்கு விடுதலை வாங்கித் தருகிறார். வெளியே வந்தவன் தன் காதலியைக் கொன்றதாகக் கைதாகிறான். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, அதே காமுரோச்சோவில் தனியார் துப்பறிவாளராக அலையும் அந்த மனிதரின் கதை அது. 2021-இல் வந்த அதன் தொடர்ச்சி, பள்ளிக்கூட வன்கொடுமையால் பிள்ளையை இழந்த ஒருவரிலிருந்து தொடங்குகிறது. சட்டம் தராத நீதியைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியைக் கடைசிவரை அது விடுவதில்லை.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 'யாகுசா 0' ஜப்பானிலேயே 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று வகைப்படுத்தப்பட்ட கேம். கல்லூரி மாணவருக்கு அது பொருந்தும். சண்டைகளை மகனிடம் விட்டுவிடுங்கள். கிரியுவும் மஜிமாவும் இரண்டிரண்டு அத்தியாயங்களாக மாறி மாறி வருவார்கள் என்பதால், மூன்றாவது அத்தியாயம் தொடங்கும்போது உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்தக் காபரேக் காட்சி அங்கேதான் வருகிறது.

அன்புடன்.