கறிவேப்பிலைத் தொட்டியில் தொடங்குங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் அடுக்குமாடி வீடு. ஒன்பது வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும் வேதாகமத்தை அடிப்படையாக வைத்து வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம். வாரம் ஒரு நாள் இயற்கைப் பாடம் என்று ஆரம்பித்தேன். மாதவரம் பூங்கா, கடற்கரை என்று நான்கு வாரம் சுற்றினோம், அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. கையில் இருக்கும் பாடநூல்களில் ஓக் மரமும் பனியும்தான் வருகின்றன. எங்கள் தெருவிலோ கன்டெய்னர் லாரி. எப்படித் தொடர்வது?

பதில்: சகோதரி, சாலொமோனின் ஞானத்தைச் சொல்ல வந்த 1 இராஜாக்கள் 4:33, லீபனோனின் கேதுரு மரத்தோடு நிற்கவில்லை. சுவரில் முளைக்கிற ஈசோப்புப் பூண்டைப் பற்றியும் அவர் பேசினார் என்கிறது. சுவரில் செடி முளைக்காத தெரு வடசென்னையில் உண்டா? உங்கள் கட்டடத்தின் சன்ஷேடிலோ கழிவுநீர்க் குழாய் ஓரத்திலோ ஓர் அரசங்கன்று நிச்சயம் நிற்கும். இரண்டாவது மாடிக்கு அதை யார் ஏற்றியது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பழம் தின்ற பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. விடையை நீங்கள் சொல்லிவிடாமல் இருந்தால் இரண்டு வாரம் ஓடும்.

நான்கு வாரத்தில் நான்கு இடம் போனதில்தான் சிக்கல். புது இடத்துக்குப் போனால் பிள்ளைகள் ஓடுவார்கள், அவ்வளவுதான். போன வாரம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இந்த வாரம் மாறியது தெரியும்? வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல பின்பற்றும் சார்லட் மேசன், 1892இல் இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய அம்மையார், இயற்கைப் பாடத்தில் வற்புறுத்தியது இதுதான்: பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும், பெரியவர் பேச்சைக் குறைக்கட்டும். அவர் பார்த்த பூக்களை நாம் தேட வேண்டியதில்லை, முறை மட்டும் போதும்.

மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்று வாங்கி வையுங்கள், மருந்து அடிக்காதீர்கள். இளந்தளிரில் வண்ணத்துப்பூச்சி இட்ட, கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டை தெரியும். அதிலிருந்து வரும் புழுவை முதலில் பார்த்தால் காக்கை எச்சம் என்றே நினைப்பீர்கள். எதிரியை ஏமாற்றத்தான் அந்த வேஷம். தோல் உரித்து உரித்து வளர்ந்து, கடைசியில் இலைப் பச்சையாகிவிடும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், ஒரு நெடி வரும். உங்கள் மகன் அன்றைக்குச் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். பிறகு அது கூட்டுப்புழுவாகும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வண்ணத்துப்பூச்சி வெளிவந்துவிடும்.

சில சமயம் வராது. கூட்டில் ஓட்டை விழுந்து, பொடிப்பொடியாகக் குளவிகள் வரும். தாய்க் குளவி முன்பே உள்ளே முட்டையிட்டிருக்கும், குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் முதல் தடவை நடந்தது இப்படித்தான். நானோ கூட்டைக் காட்டி உயிர்த்தெழுதல் பாடத்தை முன்கூட்டியே நடத்தி முடித்திருந்தேன்! “அப்போ ஆண்டவர் ஏம்மா இப்படி வச்சார்?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். அன்று இரவு யோபு 38, 39ஆம் அதிகாரங்களைச் சேர்ந்து வாசித்தோம். அங்கே கர்த்தர் வரையாட்டையும் கழுகையும் காட்டிக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறாரே தவிர விளக்கம் தருவதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பூச்சியின் வாலிலும் ஒரு வசனத்தைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை விட்டுவிட்டேன். ‘ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்’ என்றுதான் மத்தேயு 6:26 தொடங்குகிறது. முதலில் கவனிக்கட்டும். வசனம் அந்த வாரத்திலேயே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மழை பெய்தாலும் மே வெயில் கொளுத்தினாலும் பாடம் நிற்க வேண்டாம், மீன் வாங்கி வாருங்கள். காசிமேடு பக்கத்தில்தானே இருக்கிறது! நாக்கு மீன் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாக இருந்து, வளர வளர ஒரு கண் இந்தப் பக்கம் நகர்ந்து வந்துவிடுகிறது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் மீனுக்குக் கீழே கண் எதற்கு? கழுவும் முன் செவுளைத் தூக்கிக் காட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது கடையில் எந்த மீன் இல்லை, எது நாட்டுப்படகில் வந்தது என்று மகளே விசாரித்து எழுதட்டும்.

பார்த்ததைக் குறித்து வைக்கும் நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடு போடாத நோட்டு, தேதி, இடம், ஒரு படம், ஒரு வரி. மகன் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எட்டுக் கால் போட்ட எறும்பை ரப்பரால் அழிக்காதீர்கள். அடுத்த வாரம் இன்னோர் எறும்பைக் காட்டினால் அவனே எண்ணிவிடுவான்.

மாதம் ஒரு முறை வெளியே போங்கள், ஆனால் ஒரே இடத்துக்கு. திருவொற்றியூர் கடற்கரைக்கு என்றால் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், மணலில் நண்டு வளைகள் மிதிபடாமல் இருக்கும். கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் பாசி வழுக்கும், ஏற விடாதீர்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கொக்கும் நீர்க்காகமும் அலையாத்திச் செடிகளும் உண்டு. ஆனால் அது தொழிற்சாலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்த இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் அங்கே பரவியது. கரையில் நின்று பாருங்கள், சேற்றில் இறங்க வேண்டாம். ஏன் இறங்கக் கூடாது என்று மகள் கேட்பாள். ஒன்பது வயதுக்கு அதையும் சொல்லலாம்.