நாமக்கல் அம்மாவுக்கு: மகனின் கார் ரேஸ் ஆசையும் அடுத்த நான்கு வருடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகன் கட் ஆஃப் பற்றி வாயே திறக்காமல் எந்நேரமும் கார் ரேஸ் பற்றிப் பேசுகிறான். ரேஸ் பயிற்சிக்கென்று நான்கு லட்சம் கேட்கிறான். லேத் பட்டறை வைத்திருக்கும் அவன் அப்பா பத்து நாளாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஃபெடரேஷன் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை நிச்சயம் என்கிறான். அது கவர்மெண்ட் ஆபீஸா சார், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணம் போகும் வழியும் பிழைப்புக்கான வழியும் பிரிகிற இடம் இதுதான்.

அவன் சொல்லும் ஃபெடரேஷன், இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்பார்கள். 1971-ல் உருவானது. பெயரே சொல்வதுபோல கிளப்புகள் சேர்ந்து அமைத்துக்கொண்டது. அரசு அலுவலகம் கிடையாது. அதற்காக நாலு பேர் கூடிப் பெயர்ப்பலகை மாட்டிய சங்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். உலகக் கார் பந்தயத்தை ஆள்வது பாரீஸில் இருக்கும் எஃப்.ஐ.ஏ. பைக் பந்தயத்துக்கு சுவிட்சர்லாந்தில் எஃப்.ஐ.எம். இருக்கிறது. இரண்டும் 1904-ல் தொடங்கியவை. பந்தயம் நடத்தும் அதிகாரத்தை எஃப்.ஐ.ஏ. ஒரு நாட்டில் ஓர் அமைப்பிடம்தான் ஒப்படைக்கும். நம் நாட்டில் அது இந்த ஃபெடரேஷன். கார், பைக் இரண்டுக்கும் இதுவே.

இந்த ஃபெடரேஷன் கொடுக்கும் லைசென்ஸ், பந்தயத்தில் கலந்துகொள்ள அனுமதி. அவ்வளவுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் வாங்கினால் ரோட்டில் வண்டி ஓட்டலாம். அதை வாங்கிய கையோடு யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, இல்லையா? இதுவும் அப்படித்தான். லைசென்ஸ் எடுப்பதில் தவறே இல்லை. அதை வேலை உத்தரவு என்று உங்கள் மகனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுதான் தவறு.

இந்த அமைப்புகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கார் வைத்திருந்தவர்கள் பொழுதுபோக்காகக் கூடிய கிளப்புகள்தான் எல்லாவற்றுக்கும் வேர். பிரான்ஸின் ஆட்டோமொபைல் கிளப் 1895-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் 1897-ல். இப்படிப்பட்ட கிளப்புகள் கூடி அமைத்ததுதான் இன்றைய எஃப்.ஐ.ஏ. லீ மான் என்ற ஊரில் 1923 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை இன்றுவரை நடத்துவது ஒரு கிளப்தான். நம்மூரிலும் அதே கதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல வருடம் ரேஸ் நடத்தினார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990-ல் சொந்த டிராக்கையே திறந்துவிட்டார்கள். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்தது. கரிவரதன் என்ற பந்தய வீரரின் நினைவாக வைத்த பெயர் அது. நாமக்கல்லில் இருந்து இரண்டுமே பஸ் ஏறிப் போய்விடும் தூரம்தான். இந்தியாவில் வேறு பல மாநிலப் பையன்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதனால் அவன் ஆசையை ஊருக்குச் சம்பந்தமில்லாத கனவு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, நான்கு லட்சம். கொடுக்காதீர்கள். இப்போது வேண்டாம்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்: கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல், சென்னையின் கருண் சந்தோக் 2010-ல். நரேனின் அப்பா ராலி சாம்பியன். கருணின் தாத்தா மெட்ராஸ் கிளப்பையும் ஃபெடரேஷனையும் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பா ஃபெடரேஷனின் தலைவராக இருந்தவர். திறமை இல்லாமல் அந்த இடத்துக்கு யாராலும் போக முடியாது. ஆனால் நடக்கப் பழகும் வயதிலேயே டிராக்கின் வாசலில் நின்ற குழந்தைகள் அவர்கள். மேல்மட்டத்துக்குப் போகிறவர்கள் சின்ன வயதிலேயே கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஃபார்முலா ஒன்னுக்கான சூப்பர் லைசென்ஸ் வேண்டுமானால் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். கீழ்மட்டப் போட்டிகளில் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் புள்ளிகளைச் சேர்க்க வெளிநாட்டில் சீசன் சீசனாகப் பணம் கொட்ட வேண்டும். உங்கள் நான்கு லட்சம் அந்த ஏணியின் முதல் படிக்கே எட்டாது. டயருக்கும் என்ட்ரி ஃபீஸுக்குமே கரைந்துவிடும். மகனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். காரணம் சொல்லாத மௌனத்தைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

ஆனால் ரேஸ் என்பது ஸ்டீயரிங் பிடிக்கும் ஆள் மட்டும் இல்லை, அம்மா. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் நினைவிருக்கும். சுமார் மூன்றரை கிலோமீட்டர் தெரு டிராக். கார்கள் வந்தாயிற்று, ஓட்டுநர்கள் வந்தாயிற்று, ஜனங்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஏ.வின் சான்றிதழ் மட்டும் வரவில்லை. அது கைக்கு வந்த பிறகே ஓட்ட வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. சனிக்கிழமை முழுக்கக் காத்திருந்து, இருட்டிய பிறகுதான் இன்ஜின் சத்தம் கேட்டது. தடுப்புச்சுவர் சரியாக நிற்கிறதா, வளைவில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் சரி என்று சொல்லும்வரை எவ்வளவு பெரிய ஓட்டுநரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் மகன் இந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். அதைக் காட்டுவதுதான் இப்போது நம் வேலை.

18 முடிந்ததும் மார்ஷலாகச் சேரச் சொல்லுங்கள். கிளப்புகள் ரேஸுக்கு முன்னால் தன்னார்வலர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும். வளைவுக்கு வளைவு தடுப்புக்குப் பின்னால் நிற்பவர்கள் அவர்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, யாரும் முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டை இருந்தால் தரை வழுக்குகிறது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் காட்டினால் உன் வண்டியில் கோளாறு, உள்ளே வா. கேட்கச் சுலபமாக இருக்கும். மத்தியான வெயிலில் ஆறு மணி நேரம் நின்று, ஒரு கார் சுழன்று மணலில் போய் மாட்டும் அந்த நொடியில் சரியான கொடியை எடுப்பது சுலபம் இல்லை. கையில் பெரிதாகச் சம்பளம் வராது, சாப்பாடும் தொப்பியும்தான். ஃபார்முலா ஒன் பந்தயத்திலேயே மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். ஒரு சீசன் இதைச் செய்துவிட்டு, அடுத்த சீசனுக்கும் கூப்பிடாமலே போய் நிற்கிறானா என்று பாருங்கள். ஆசை எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், அவனுக்கும் தெரிந்துவிடும்.

மார்ஷலுக்கு மேலே டைம்கீப்பர், ஸ்க்ரூட்டினியர், கிளார்க் ஆஃப் தி கோர்ஸ், ஸ்டூவர்டு என்று போகும். கிளார்க் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பந்தயத்தை நடத்தும் முழுப் பொறுப்பும் அவருடையது. ஸ்டூவர்டுகள் நீதிபதிகள் மாதிரி. ஸ்க்ரூட்டினியர் வண்டியைச் சோதிப்பவர். சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் சின்ன லேபிளைத் திருப்பி, காலாவதித் தேதியைப் படிப்பார். ஐந்து வருடம் தாண்டியிருந்தால், பெல்ட் பார்க்கப் புதுசாக இருந்தாலும், வண்டி டிராக்குக்குப் போகாது. கார் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் கூண்டுக் குழாயின் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்ப்பார். வண்டியோடு மல்லுக்கட்டும் வேலையில் தொடங்கி, பந்தயத்தையே ஆளும் இடத்துக்குப் போனவர்களும் உண்டு. சார்லி ஒயிட்டிங் என்பவர் மெக்கானிக்காகத் தொடங்கி, பிரபாம் என்ற ஃபார்முலா ஒன் அணியின் தலைமை மெக்கானிக் ஆனார், 1988-ல் எஃப்.ஐ.ஏ.வில் சேர்ந்து, 1997 முதல் 2019-ல் இறக்கும்வரை ஃபார்முலா ஒன் ரேஸ் டைரக்டராக இருந்தார். ஒவ்வொரு பந்தயத்திலும் விளக்கை அணைத்து ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். உங்கள் மகள் நீட் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவளிடம் சிட் வாட்கின்ஸ் பற்றிச் சொல்லுங்கள். மூளை அறுவை சிகிச்சை நிபுணர். 1978-ல் இருந்து ஃபார்முலா ஒன் மருத்துவப் பொறுப்பில் இருந்து, பந்தயம் தொடங்கும்போது கார்களின் பின்னாலேயே டாக்டர் வண்டி போகும் முறையைக் கொண்டுவந்தார். எத்தனை உயிர் அதனால் பிழைத்தது! இந்த விளையாட்டில் டாக்டருக்கும் இடம் உண்டு.

மாதச் சம்பளம் எங்கே என்று கேட்பீர்கள். ஃபெடரேஷனிலோ கிளப்பிலோ சம்பளத்துக்கு இருப்பவர்கள் மிகக் குறைவு. சம்பளம் கார் கம்பெனியில், டயர் கம்பெனியில், ஓசூரில் இருக்கும் டி.வி.எஸ். ரேசிங் போன்ற அணிகளில், ஒரகடத்தில் இருக்கும் வாகன ஆராய்ச்சி மையம், புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில். அங்கே போகப் படிப்பு வேண்டும். மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் எடுக்கட்டும். மதிப்பெண் குறைந்தால் டிப்ளமோ எடுத்துப் பிறகு பி.இ. சேரட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. கல்லூரி பார்க்கப் போகும்போது வாசலில் இருக்கும் பிளேஸ்மெண்ட் பேனரைத் தாண்டி, மாணவர்கள் கார் கட்டும் ஷெட் எங்கே என்று கேளுங்கள். போன வருடம் கட்டிய காரைக் காட்டச் சொல்லுங்கள். கை அழுக்கான பையன்கள் அங்கே இருந்தால் நல்ல கல்லூரி. கோவை கரி டிராக்கில் ஃபார்முலா பாரத் என்ற போட்டி நடக்கிறது. மாணவர்களே ஃபார்முலா கார் செய்து கொண்டுவர வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகக்கூடாது. செலவுக் கணக்கையும் வடிவமைப்புக் காரணத்தையும் நடுவர்கள் முன் நின்று விளக்க வேண்டும். அதில் ஒரு வருடம் முழுசாக உழைத்த பையனுக்கும் புத்தகத்தை மட்டும் படித்த பையனுக்கும் இன்டர்வியூவில் முதல் ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆபத்து பற்றி நீங்கள் கடைசி வரியில் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். மறைக்க மாட்டேன். 2023-ல் மட்டும் சென்னை டிராக்கில் ஜனவரியில் ஒரு மூத்த ஓட்டுநரும், ஆகஸ்டில் பைக் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். அந்தச் சிறுவனின் செய்தி வந்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. விதியும் சோதனையும் இருக்கும் இடத்திலேயே இது நடக்கிறது என்றால், எதுவுமே இல்லாத ஈ.சி.ஆரில் நள்ளிரவில் பந்தயம் கட்டி ஓட்டுவது என்ன ஆகும் என்று யோசியுங்கள். அனுமதி இல்லாத போட்டியில் கலந்துகொண்டால் ஃபெடரேஷன் லைசென்ஸே பறிபோகலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனிடம் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, இது அவன் அப்பாவுக்கு. கார் ஆர்வலர் கிளப்புகளில் பழைய கார்க்காரர்கள் தனி ரகம். உலக அளவில் அவர்களுக்கு 1966 முதல் ஃபிவா என்ற அமைப்பு இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது, நம்பரிலேயே வி.ஏ. என்று இருக்கும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கடையில் ஸ்பேர் கிடைக்காது. புஷ், பின், ஷாஃப்ட் எல்லாம் உடைந்த பழையதை அளந்து லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும். அது உங்கள் வீட்டுக்காரர் தினமும் செய்கிற வேலை. கோவைக்குப் போகும்போது ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு அப்பாவும் மகனும் சேர்ந்து போய்விட்டு வரட்டும்.

அப்புறம், கரி டிராக்கில் அடுத்து எப்போது ரேஸ் என்று விசாரித்து, அதற்கு முந்தைய நாள் இருவரையும் அனுப்புங்கள். வண்டிகளைச் சோதிக்கும் நாள் அது. தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும். கூண்டின் வெல்டிங் எப்படி இருக்கிறது என்று அவர் ஏதாவது சொல்வார், சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அதற்கு உங்கள் மகன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். கல்லூரி விஷயத்தை அதற்குப் பிறகு பேசுவோம்.