புள்ளியியல் முதல் தாள்: நெல்லைச் சீமை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வணிகவியல், வணிக நிர்வாகம், உளவியல், சமூகப்பணி என்று எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புள்ளியியல் தாள் ஒன்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தாளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே பொருளுடையவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி, கீழே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (களக்காடு, பி.காம். முதலாண்டு மாணவி): நான் மேல்நிலை வகுப்பில் கணிதம் எடுக்கவில்லை. இந்தத் தாளில் தேர்ச்சி பெற முடியுமா, சார்?

முடியும் அம்மா. இதற்கு வேண்டிய கணக்கு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பின்னம், சதவீதம், வர்க்கமூலம், குறை எண்களைக் கூட்டுவது, நேர்கோட்டின் சமன்பாடு ஆகியவற்றோடு, 'அனைத்தையும் கூட்டு' என்று கட்டளையிடும் சிக்மா குறி ஒன்றும் தெரிந்தால் போதும். கையில் இருக்கும் தரவு எந்த வகை, அது எவ்வாறு திரட்டப்பட்டது, அதனிடம் நாம் கேட்பது என்ன என்று தெளிவதற்கு முன்பே சூத்திரத்தைத் தேடி ஓடுகிறவர்கள்தான் இந்தத் தாளில் திணறுகிறார்கள். அவர்களில் கணிதம் படித்தவர்களும் உண்டு. நிகழ்தகவு வகுப்புகளை மட்டும் தவற விடாதீர்கள். அது பிடிபடாமல் போனால் அதன் மேல் எழும் கூறெடுப்புப் பரவலும் (மீண்டும் மீண்டும் கூறு எடுத்தால் அதன் சராசரி போன்றவை எப்படி மாறி மாறி வரும் என்பது), அதன் மேல் எழும் கருதுகோள் சோதனையும் (ஓர் ஊகத்தைத் தரவு ஏற்கிறதா என்று பார்ப்பது) பிடிபடா.

கேள்வி (மேலப்பாளையம்): கூட்டுச் சராசரி ஒன்று இருக்க, இடைநிலை அளவும் முகடும் எதற்கு?

ஒரு ஜவுளிக் கடையில் ஏழு பேருக்கு மாதச் சம்பளம் 11,000, 12,000, 12,000, 13,000, 14,000, 15,000, 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தொகை மேலாளருடையது. கூட்டுத்தொகை 1,47,000, சராசரி 21,000. அந்தச் சம்பளத்தை அந்தக் கடையில் ஒருவரும் வாங்கவில்லை, அதற்கு அருகில்கூட ஒருவரும் இல்லை. வரிசையின் நடுவே நிற்கும் இடைநிலை அளவு 13,000. அதிகம் பேர் பெறும் முகடு 12,000. வேலைக்குச் சேரப் போகிறவருக்கு இடைநிலை அளவு பயன்படும். மாதம் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று பார்க்கும் முதலாளிக்குச் சராசரியே வேண்டும், ஏனெனில் அதை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் மொத்தச் சம்பளம் கிடைக்கும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): திட்ட விலக்கத்துக்கு ஒரு புத்தகத்தில் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள், மற்றொன்றில் ஒன்றைக் கழித்து வகுக்கிறார்கள். கால்குலேட்டரும் இரண்டு விடை காட்டுகிறது. எது சரி?

இரண்டும் தத்தம் இடத்தில் சரி. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டுவதுதான் திட்ட விலக்கம். 4, 6, 7, 8, 10 என்ற ஐந்து எண்களின் சராசரி 7. விலக்கங்களின் வர்க்கங்கள் 9, 1, 0, 1, 9, கூட்டினால் 20. இந்த ஐந்தும்தான் முழுமைத் தொகுதி (நாம் அறிய விரும்பும் எல்லாமே இவைதான்) என்றால் 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க, திட்ட விலக்கம் 2 வரும். பெரிய தொகுதி ஒன்றிலிருந்து எடுத்த கூறு என்றால் 4 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 2.24.

காரணம் இதுதான். முழுத் தொகுதியின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. கூறிலிருந்தே கிடைத்த சராசரியிலிருந்து விலக்கங்களை அளக்கிறோம். அந்தச் சராசரி கூறின் எண்களுக்கு நடுவிலேயே அமைந்துவிடுவதால் விலக்க வர்க்கங்களின் கூடுதல் இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். மேலும் விலக்கங்களைக் கூட்டினால் சுழியம் வந்தாக வேண்டும் என்பதால், நான்கு தெரிந்தவுடன் ஐந்தாவது தானே முடிவாகிவிடுகிறது. தன்னுரிமையோடு நிற்பவை நான்குதான். எக்செலில் 'எஸ்டிடெவ்.எஸ்' கூறுக்கு, 'எஸ்டிடெவ்.பி' முழுமைத் தொகுதிக்கு.

கேள்வி (வள்ளியூர்): டி-சோதனைக்கு 'ஸ்டூடன்ட்' என்ற பெயர் ஏன்? மாணவர் ஒருவர் கண்டுபிடித்ததா?

இல்லை. சிறிய கூறுகளின் சராசரியைச் சோதிக்கும் இந்த முறையின் பெயர், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. சிறிய கூறுகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்குத் தொழிலிலேயே இருந்தது.

கேள்வி (பாளையங்கோட்டை, உளவியல் இரண்டாமாண்டு மாணவர்): பி-மதிப்பு என்பதற்கு வகுப்பில் தந்த வரையறையை மனப்பாடம் செய்துவிட்டேன். புரியத்தான் இல்லை.

நம் ஊர் வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். தாமிரபரணித் தண்ணீரில் கிண்டிய அல்வாவை வாயில் போட்டவுடன் சொல்லிவிடுவேன் என்று ஒருவர் சவால் விடுகிறார். ஒரே மாஸ்டர், ஒரே கோதுமை, ஒரே நெய். ஆற்று நீரில் செய்தது நான்கு தட்டு, ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்தது நான்கு தட்டு. வரிசையைக் குலுக்கிப் போட்டு அமைத்து, அவரிடம் ஆற்று நீர்த் தட்டுகள் நான்கையும் எடுத்துத் தரச் சொல்கிறோம்.

அவருக்கு ஒன்றுமே தெரியாது, ஊகிக்கிறார் என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவே இன்மைக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு; அவற்றில் முழுவதும் சரியானது ஒன்றே. ஆக வெறும் ஊகத்தில் நான்கும் சரியாக அமைய வாய்ப்பு 1/70, அதாவது ஏறத்தாழ 0.014. இதுதான் பி-மதிப்பு: இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால், நாம் கண்ட அளவுக்கோ அதைவிட மிகுதியாகவோ விளைவு தோன்றுவதற்கான நிகழ்தகவு. வழக்கமான 0.05 எல்லைக்கு (5 சதவீத மட்டம் என்பது இதுவே) இது கீழே இருப்பதால் 'வெறும் ஊகம்' என்ற கருதுகோளைக் கைவிடுகிறோம். அவர் மூன்றைச் சரியாக எடுத்து ஒன்றில் தவறினால்? அவ்வாறு அமைய 16 வழிகள். முழுச் சரியானதையும் சேர்த்து 17/70, ஏறத்தாழ 0.24. நான்கில் மூன்று என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும், ஊகத்திலேயே நான்கு முறைக்கு ஒரு முறை ஏறக்குறைய வந்துவிடக்கூடியது.

இந்தச் சோதனையின் அமைப்பு என்னுடையதன்று. ரொனால்ட் ஃபிஷர் 1935இல் வெளிவந்த தம் நூலில் பாலை முதலில் ஊற்றிய தேநீர், பிறகு ஊற்றிய தேநீர் என்று எட்டுக் கோப்பைகளைக் கொண்டு விளக்கியதை அல்வாவுக்கு மாற்றியிருக்கிறேன்.

தேர்வில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 0.014 வந்தது என்பதற்காக 'அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க 98.6 சதவீத வாய்ப்பு' என்று எழுதக் கூடாது. கருதுகோள் உண்மை என்று கொண்டு தரவின் வாய்ப்பைக் கணக்கிட்டோமே தவிர, தரவைக் கொண்டு கருதுகோளின் வாய்ப்பைக் கணக்கிடவில்லை.

கேள்வி (பேட்டை, பி.பி.ஏ.): 'திருநெல்வேலி மக்களின் இணையவழிக் கொள்முதல் பழக்கம்' என்பது என் திட்டக் கட்டுரை. கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி 400 பதில்கள் பெற்றுவிட்டேன். இது போதுமா?

எண்ணிக்கை போதும் தம்பி; ஆட்கள் போதாது. முறையாகக் குலுக்கி எடுத்த 400 பேர் என்றால், ஒரு சதவீத மதிப்பீட்டில் பிழை எல்லை 95 சதவீத நம்பிக்கை அளவில் (இப்படி நூறு முறை கூறெடுத்தால் ஏறத்தாழ 95 முறை) கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் அடங்கும். அந்தப் பிழையைப் பாதியாக்க 800 பேர் போதாது, 1,600 பேர் வேண்டும். பிழை கூறின் அளவுக்கு வர்க்கமூல விகிதத்தில்தான் குறைகிறது. ஆனால் இக்கணக்கு முழுவதும் குலுக்கி எடுத்த கூறுக்கு உரியது. உங்கள் படிவம் உங்கள் வகுப்புத் தோழர்கள், அவர்களுடைய தோழர்கள் என்று சுற்றி வந்திருக்கும். வீட்டில் பீடி சுற்றிக்கொண்டு பிள்ளையின் கைப்பேசியில் எப்போதாவது ஒரு பொருள் வாங்கும் தாய் அதில் வந்திருக்க மாட்டார். கைப்பேசியே இல்லாதவர் வர வழியே இல்லை. இணையத்தில் வாங்குவதைப் பற்றி இணையத்தில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் விடை முன்பே ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது. 4,000 பதில்கள் வந்தாலும் அந்தச் சாய்வு நேராகாது.

வேறு வழியில்லை என்றால் தலைப்பைச் சுருக்குங்கள். 'ஒரு கல்லூரியின் மாணவர்களிடையே' என்று போட்டு, வருகைப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், சிறிய கட்டுரையானாலும் நிற்கும்.

கேள்வி (பாளையங்கோட்டை, உளவியல் மாணவி): 30 மாணவிகளுக்கு மூச்சுப் பயிற்சி தந்து, முன்னும் பின்னும் தேர்வுப் பதற்றத்தை அளந்தேன். எந்தச் சோதனை? தோழி கை-வர்க்கச் சோதனை என்கிறாள்.

கை-வர்க்கம் ('கை' என்பது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர்) வகைப்பாட்டு எண்ணிக்கைகளுக்கு உரியது. ஆம் என்றவர் எத்தனை பேர், இல்லை என்றவர் எத்தனை பேர் என்பது போன்ற இடங்களில் பயன்படும். (அங்கும் சதவீதங்களை இடாமல் எண்ணிக்கைகளையே இட வேண்டும்.) உங்களிடம் இருப்பவை மதிப்பெண்கள்; ஒவ்வொரு மாணவிக்கும் இரண்டு. எனவே இணை டி-சோதனை. ஒவ்வொருவருக்கும் முன்-பின் வேறுபாட்டைக் கண்டு, அந்த 30 வேறுபாடுகளின் சராசரி சுழியத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டின்மைக் கூறுகள் (திட்ட விலக்கக் கேள்வியில் தன்னுரிமையோடு நிற்பவை என்றேனே, அவை) 30இல் ஒன்று குறைய 29. இருமுனைச் சோதனையில் (பதற்றம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் கொள்வது) 5 சதவீத மட்டத்துக்கு அட்டவணை மதிப்பு 2.045; குறியை விட்டுப் பார்க்கையில் உங்கள் டி-மதிப்பு இதைத் தாண்டினால் இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம். இவற்றை 60 தனித்தனி ஆட்களாகக் கொண்டால், ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் வேறுபாடு குறுக்கே வந்து பயிற்சியின் விளைவை மறைத்துவிடக் கூடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது அளவை எடுத்தபோது தேர்வு முடிந்திருந்ததா? முடிந்திருந்தால் பதற்றம் தானாகவே இறங்கியிருக்கும். பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாத நிலையில், டி-மதிப்பு எவ்வளவு பெரிதாக வந்தாலும் காரணம் பயிற்சிதான் என்று சொல்ல இயலாது.

கேள்வி (தென்காசி, பழக்கடை உரிமையாளர்): என் மகன் பி.காம். படிக்கிறான். குற்றாலத்தில் ரம்புட்டான் விற்பனையும் எண்ணெய் மசாஜ் வருமானமும் 0.9 ஒட்டுறவு உடையவை என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். மசாஜ் கடையோடு கூட்டுச் சேரலாமா?

கூட்டுச் சேர்வது உங்கள் விருப்பம், அண்ணாச்சி. ஒட்டுறவு என்பது இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கும் நெருக்கம்; அதன் உச்சம் 1. இந்த எண்ணை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். சீசனில் அருவியில் தண்ணீர் விழுந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பழமும் விற்கும், மசாஜும் நடக்கும். இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்குவது மூன்றாவதாக ஒன்று. கூட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்த நாட்களை மட்டும் தனியே எடுத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். அப்போதும் ஒட்டுறவு வலுவாக நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

கேள்வி (நாங்குநேரி): கணக்கு முழுவதும் சரி, முடிவு எழுதிய வரிக்கு மட்டும் மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். 'இன்மைக் கருதுகோள் உண்மை என்று நிரூபிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

குறைத்தது முறையே. சிறிய கூறில் உண்மையான வேறுபாடும் கண்ணில் படாமல் போகலாம். அது இரண்டாம் வகைப் பிழை. 'இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று இல்லை' என்று எழுதி, அதன் கீழே கேள்வியில் வந்த பொருளைக் கொண்டே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இரண்டு கிளைகளின் விற்பனையை ஒப்பிடும் கணக்கு என்றால் இப்படி: 'இக்கூறின் அடிப்படையில், இரண்டு கிளைகளின் சராசரி விற்பனை வேறுபடுகிறது என்று 5 சதவீத மட்டத்தில் சொல்ல இயலவில்லை.'