தாம்பூலப் பையைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுங்கள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். வரும் ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் மண்டபம் பிடித்திருக்கிறோம். முதல் நாள் மாலை 6.30 மணிக்கு வரவேற்பு, மறுநாள் காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம். 600 பேர் வருவார்கள் என்று கணக்கு.

நகை, புடவை எதிலும் பிடிவாதம் பிடிக்காத தங்கை ஒன்றே ஒன்று கேட்கிறாள். “எல்லாக் கல்யாணத்திலும் சாப்பாடு முடிந்ததும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கிறார்கள். எனக்கு அப்படி வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது எல்லாரும் உட்கார்ந்து பாடணும், சிரிக்கணும், ஆடணும்” என்கிறாள். அப்பாவோ, “சாப்பிட்டவன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா? கல்யாண வீட்டில் ஆட்டம் என்ன ஆட்டம், நம்ம பழக்கமா அது?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரைக் கேட்டால் டிஜே, தொகுப்பாளர், புகை, பூவாணம் என்று பெரிய பட்டியல் தருகிறார். பாட்டுப் போட உரிமம் வாங்க வேண்டும் என்று மண்டபத்தில் வேறு சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நான் உங்கள் தங்கை பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பழக்கமா என்று அப்பா கேட்டாரல்லவா, அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் நாதஸ்வரத்துக்குப் பெரிய மேளம் என்றும் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிராட்டத்துக்குச் சின்ன மேளம் என்றும் பெயர். வசதியுள்ள வீட்டுக் கல்யாணங்களுக்கு இரண்டையும் அழைத்திருக்கிறார்கள். ராத்திரி மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பினால் தெருமுனைக்குத் தெருமுனை நின்று நாதஸ்வரக்காரர் ராகம் வாசிப்பார். சாப்பிட்டுவிட்டு வந்த ஊர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும். அவ்வளவு செலவுக்கு வழியில்லாத வீட்டில் பெண்கள் கூடிக் கும்மி அடித்தார்கள், சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து ஏசல் பாடினார்கள். நலங்கு என்ற சொல் எல்லா வீட்டிலும் ஒரே பொருள் தருவதில்லை. சிலருக்கு அது கல்யாணத்துக்கு முன் மஞ்சளும் சந்தனமும் பூசுவது. சிலருக்கு, தாலி கட்டிய பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தேங்காய் உருட்டச் சொல்வதும், தலையைச் சுற்றி அப்பளம் உடைக்கச் சொல்வதும். குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு இருவரையும் கைவிட்டுத் துழாவ வைக்கிற வீடுகள் ஏராளம். இதெல்லாம் எதற்கு? முன்பின் பழகாத இரண்டு குடும்பங்கள் ஒரு ராத்திரியில் ஒன்றாகச் சிரித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் தங்கை கேட்பது இதைத்தான். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் இப்போது ஏன் கூடம் காலியாகிறது? ஒரு கணக்குப் போடுங்கள். 600 பேர் நான்கு நான்கு பேராக மேடையேறினால் 150 குடும்பம். ஒரு குடும்பத்துக்கு முக்கால் நிமிடம் என்றால்கூட ஏறக்குறைய 2 மணி நேரம். அலங்காரம் முடிந்து பெண் மேடைக்கு வருவதே 7.30 என்றால், வரிசை முடியும்போது 9.30. அத்தனை நேரம் வந்தவர்களுக்கு மண்டபத்தில் இருக்கிற வேலை இரண்டுதான்: வரிசையில் நிற்பது, பந்திக்குக் காத்திருப்பது. இரண்டும் முடிந்தவர் எதற்காக உட்கார்ந்திருப்பார்? ஆகவே டிஜேயைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த வரிசையைச் சரிசெய்யுங்கள். அழைப்பிதழில் 6.30 என்று போட்டால் 6.30க்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இருக்க வேண்டும். 8.15க்கு இருவரும் இறங்கிவிட வேண்டும். மீதியுள்ளவர்களை எங்கே பார்ப்பது? பந்தியில். இருவரும் இலை வரிசையோடு நடந்து, “இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்கோங்க” என்று விசாரித்துவிட்டு, அதே பந்தியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும். புகைப்படக்காரரிடம் இதை ஒரு வாரம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ராத்திரியை நடத்துவது அவராகத்தான் இருக்கும்.

இனி ஒரு சின்ன விஷயம். இதை அனுபவத்தில்தான் கற்றேன். தாம்பூலப் பையைக் கையில் கொடுத்துவிட்டால், போய் வாருங்கள் என்று சொன்னதாகத்தான் நம் ஊரில் பொருள். சாப்பாட்டுக் கூடத்து வாசலிலேயே பையை அடுக்கிவைத்துக் கொடுக்கிறோம்; வாங்கியவர் செருப்பைத் தேடிப் போய்விடுகிறார். பை மேஜையை மண்டபத்தின் வெளிவாசலுக்கு நகர்த்துங்கள். வெற்றிலைத் தட்டு, வாழைப்பழம், ஐஸ்கிரீம் மூன்றையும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுத்துப் பெரிய கூடத்துக்குள் கொண்டுவந்து வையுங்கள். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பெரியவர்கள் தானாக வந்து உட்காருவார்கள். வெற்றிலை போடுகிறவர் எழுந்து ஓடமாட்டார். 9.30 மணி வாக்கில் சுக்குக் காப்பி ஒரு சுற்று வரட்டும்.

கூடத்தில் நாற்காலிகள் சினிமாக் கொட்டகை போல மேடையைப் பார்த்து வரிசையாக இருக்கும். பந்தி நடக்கும்போதே பாதி நாற்காலிகளை எடுத்து அடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஜமக்காளம் விரித்து, சுற்றிலும் அரைவட்டமாக மீதி நாற்காலிகள். 600 பேரில் 100 பேர் தங்கினால் போதும். அந்த 100 பேர் நெருங்கி உட்கார்ந்தால் அது நிறைந்த சபை. 600 நாற்காலிகளுக்கு நடுவே சிதறி இருந்தால் துக்க வீடு போல ஆகிவிடும்.

சத்தத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. என் மகன் வரவேற்பில் மெல்லிசைக் குழு வைத்தோம். நல்ல பாடகர்கள்தான். ஆனால் ஆளுயரப் பெட்டிகள் இரண்டு பக்கமும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. என் பெரியம்மா காரைக்குடிப் பக்கத்திலிருந்து 2 பஸ் மாறி வந்திருந்தார். 30 வயதில் கணவரை இழந்தவர். அதனாலேயே எந்தக் கல்யாணத்திலும் ஒதுங்கித் தூணோரமாக உட்காருவார். என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டேன். 9 மணிக்கு அவர் கிளம்பிவிட்டார். பல மாதம் கழித்து அவர் மகள்தான் சொன்னாள்: பெரியம்மா அன்று பையில் பாட்டு நோட்டு வைத்திருந்தாராம். நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, ஏசல் எல்லாம் தன் கையால் எழுதியது. யாராவது பாடச் சொல்வார்கள் என்று கொண்டுவந்திருக்கிறார். “நான் ஒண்ணு பாடட்டுமாடி” என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் இரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். இப்போதே தேடுங்கள். அத்தையோ சின்னம்மாவோ, கணவரை இழந்தவரானால் அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். பாட்டு அவர் குரலில் தொடங்கட்டும். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், உங்கள் வீட்டில் ஒருவர் என்று மாறி மாறி ஏசல் பாடினால் கூடம் தானாகச் சூடுபிடிக்கும். ஒன்று மட்டும்: நிறத்தையும் உடம்பையும் சீரையும் கேலி செய்யும் வரிகளை விட்டுவிடச் சொல்லுங்கள். பழைய பாட்டுகளில் அவை நிறைய உண்டு.

பாட்டுக்குப் பிறகு விளையாட்டு. தேங்காய், அப்பளம், குடமும் மோதிரமும் போதும்; தாலி கட்டிய பிறகே இவற்றைச் செய்கிற வீடாக இருந்தால், பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் கும்மி. கும்மிக்கு வட்டமும் கையும் தவிர வேறு எதுவும் வேண்டாம், ஆடத் தெரியாதவரும் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்வார். அதே வட்டத்தைக் கலைக்காமல் சினிமாப் பாட்டுக்கு மாறிவிடுங்கள். முதலில் உங்கள் அப்பா வயதுக்காரர்கள் இளைஞர்களாக இருந்தபோது வந்த பாட்டு, பிறகு குழந்தைகளுக்கு, கடைசியில் தங்கையின் தோழிகளுக்கு. இதற்கு டிஜே தேவையில்லை. ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இரண்டு சிறிய பெட்டி, இரண்டு மைக் போதும் என்று சொல்லுங்கள். புகையும் பூவாணமும் கேட்கவே வேண்டாம், மூடிய கூடத்தில் குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் இருப்பார்கள். நாதஸ்வரக்காரர்களை மாலையோடு அனுப்பிவிடாமல், நேரத்தோடு அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கூடுதல் நேரத்துக்கு உரிய பணத்தை முன்பே பேசி, அவர்களையே முதல் பத்து நிமிடம் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லலாம். தவில் அவ்வளவு பக்கத்தில் கேட்டால் யாருக்குக் காலும் கையும் சும்மா இருக்கும்?

ஆட விருப்பமில்லாதவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், மணப்பெண்ணே ஆனாலும். மண்டபத்தின் பின்பக்கம் பாட்டில் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாப்பிள்ளையின் நண்பர்களில் நிதானமான ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள். குடித்தவர் இரண்டு பேர் வட்டத்துக்குள் நுழைந்தால் பெண்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அத்தோடு முடிந்தது.

உரிமம் பற்றிக் கேட்டீர்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(za), கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் விலக்காகவே வைத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை ஓர் அறிவிப்பாக வெளியிட்டது. மண்டபத்தாரிடம் அதைக் காட்டுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய கூடத்துக்குள் விலக்கு உண்டென்றாலும் வெளியே கேட்கும் சத்தத்துக்கு அளவு இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம், நோயாளி இருக்கலாம். 10 மணிக்கு மைக்கை அணைத்துவிடுங்கள். அதன்பின் வெறும் குரலில் இரண்டு பாட்டு வந்தால், அது வேறு சுகம்.

அப்பாவின் பஸ் கவலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வேன், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேன், 10.15க்குக் கிளம்பும் என்று அழைப்பிதழ் கொடுக்கும்போதே வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். புகை, பூவாணத்துக்குக் கேட்கிற பணத்தை அந்த வேன்களுக்குச் செலவிடலாம். அப்பாவையே அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பாக்குங்கள். முகூர்த்தம் 6 மணிக்கு என்பதால் உங்கள் தங்கை மூன்றரைக்கே எழ வேண்டியிருக்கும், 10.15க்கு மேல் ஒரு நிமிடம்கூட நீட்டாதீர்கள். இன்னும் அழைப்பிதழ் அச்சாகவில்லை என்றால் வரவேற்பைக் கல்யாணத்தன்று மாலைக்கு மாற்ற முடியுமா என்று மண்டபத்தாரைக் கேட்டுப் பாருங்கள். மறுநாள் விடியற்காலை எழ வேண்டாம், தேங்காய் உருட்டுவதற்கும் யாரும் ஆட்சேபம் சொல்லமாட்டார்கள்.

பெரியம்மாவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் மகள் கொடுத்தாள். மொத்தம் 41 பாட்டு, சிலவற்றில் எழுத்து மங்கிவிட்டது. உங்கள் முகவரியை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன். மெட்டு தெரிந்தவர் உங்கள் வீட்டில் யாரும் இல்லையென்றால் எனக்குத் தெரிந்த ஏழெட்டை நானே பாடிக் கைபேசியில் அனுப்பிவைக்கிறேன். ஊஞ்சல் பாட்டு மட்டும் நீளம், தங்கையின் தோழிகள் இரண்டு பேர் இப்போதிலிருந்தே பழகினால்தான் ஆவணிக்குள் வரும்.

அன்புடன்,
அக்கா